இனிப்பும் கண்ணீரும் கலந்த கிண்ணம்! 'ரம் பஞ்ச்' பிறந்த கதை

மேற்கிந்தியத் தீவுகளில் விருந்தாளி வந்தால் ஒரு பானம் கொடுப்பார்கள். செம்பழுப்பு நிறம். மேலே ஜாதிக்காய்த் தூள் மிதக்கும். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு. பிறகு புளிப்பு. அதன் பிறகு நெஞ்சில் ஒரு சூடு.

அதற்கு 'ரம் பஞ்ச்' என்று பெயர்.

பெயரைக் கேட்டதும் தலையணையில் அடைக்கும் பஞ்சு நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நமக்கு நன்றாகத் தெரிந்த வேறு ஒரு சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டு என்கிறார்கள். பஞ்சாமிர்தம், பஞ்சாங்கம், பஞ்சலோகம், பஞ்சபாண்டவர் என்கிறோம் அல்லவா? அந்தப் 'பஞ்ச'தான் இது. ஐந்து என்று பொருள்.

சாராயம், சர்க்கரை, எலுமிச்சம்பழச் சாறு, தண்ணீர், வாசனைச் சரக்கு. இந்த ஐந்தும் சேர்ந்ததால் 'பஞ்ச்' என்று பெயர் வந்ததாம்.

இது மதுபானம். குடும்பத்தில் பழக வேண்டிய பொருள் அல்ல. ஆனாலும் இதன் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அந்தச் சரித்திரத்தில் நம் நாட்டுக் கடற்கரை வருகிறது. நம் கரும்பு வருகிறது. கடைசியில் நம் ஜனங்களே வருகிறார்கள்!

கடிதத்தில் வந்த பெயர்

ஐரோப்பாவில் இருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வர, அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் ஆகும். கப்பல்காரர்கள் பீப்பாய் பீப்பாயாக பீர் கொண்டு வருவார்கள். வழியிலே வெயிலில் அது கெட்டுப் போகும். திராட்சை மதுவும் புளித்துப் போகும்.

இங்கே வந்து இறங்கியவர்கள் நம் நாட்டுச் சாராயத்தைக் கண்டார்கள். தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்தது. அதை 'அரக்' என்றார்கள். அது அரபுச் சொல். அரபு மொழியில் 'அரக்' என்றால் வியர்வை. காய்ச்சும்போது ஆவி குளிர்ந்து, வியர்வைபோலச் சொட்டுச் சொட்டாக விழுவதால் அந்தப் பெயர். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாராயம் தொண்டையை எரித்தது. எனவே தண்ணீர் சேர்த்தார்கள். ருசிக்குச் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்தார்கள். இந்த நாட்டு வாசனைச் சரக்கையும் தூவினார்கள். பஞ்ச் பிறந்துவிட்டது!

'பஞ்ச்' என்ற பெயர் முதன்முதலாக எழுத்தில் கிடைப்பது 1632-ம் ஆண்டுக் கடிதம் ஒன்றில். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் அதை எழுதினார். யாருக்குத் தெரியுமா? சோழமண்டலக் கரையில் பெத்தபள்ளி என்ற ஊரில் இருந்த தாமஸ் காலி என்பவருக்கு. இன்று அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. நிஜாம்பட்டினம் என்று பெயர்.

1638-ல் சூரத்துக்கு வந்தார், மண்டெல்ஸ்லோ என்ற ஜெர்மன் பிரயாணி. அங்கே வெள்ளைக்காரர்கள் சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து குடிப்பதைப் பார்த்து எழுதினார்.

1670-களில் கம்பெனி டாக்டராக இங்கே இருந்தவர் ஜான் பிரையர். பஞ்ச் என்றால் இந்தியர் மொழியில் ஐந்து, ஐந்து பொருள் சேர்வதால் அந்தப் பெயர் என்று சொன்னவர் இவர்தான். மண்டெல்ஸ்லோ சொன்ன பொருள்கள் நான்குதானே என்று மறுப்பவர்களும் உண்டு. 'பஞ்சன்' என்ற ஒருவகைப் பீப்பாயின் பெயரில் இருந்து வந்தது என்பது அவர்கள் கட்சி. ஆனாலும் ஐந்து பொருள் கதையே நிலைத்துவிட்டது.

பெர்னியர் என்ற பிரெஞ்சு வைத்தியரும் அந்தக் காலத்தில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். 'ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்புக்குப் பெரும் கேடு' என்பது இந்தப் பானத்தைப் பற்றி அவர் கருத்து. வங்காளத்தில் கப்பல் ஆட்கள் இதைக் குடிப்பதைக் குறைத்த பிறகு சாவும் குறைந்தது என்று எழுதி வைத்தார்.

கரும்பின் கடல் யாத்திரை

பஞ்ச் பிறந்தது இந்தியாவில். ஆனால் அதில் ரம் சேர்ந்தது உலகத்தின் மறுகோடியில்!

கரும்பைப் பிழிந்து காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் வித்தையில் இந்தியா முன்னோடி. ஆங்கிலத்தில் 'சுகர்' என்பதுகூட வடமொழிச் 'சர்க்கரா'வில் இருந்து வந்ததே. இங்கிருந்து கரும்பு பாரசீகம் போயிற்று. அரபு நாடுகளுக்குப் போயிற்று. ஸ்பெயினுக்குப் போயிற்று. 1493-ல் கொலம்பஸ் இரண்டாம் முறை புறப்பட்டபோது கரும்பையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார்.

பார்படோஸ் என்ற தீவை அறிவீர்கள். கிரிக்கெட் வீரர் சோபர்ஸ் பிறந்த இடம். ஒரு முனையில் இருந்து மறு முனைக்குச் சுமார் 34 கிலோமீட்டர்தான்.

1627-ல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினர். முதலில் புகையிலையும் பருத்தியும் பயிரிட்டனர். போதிய லாபம் இல்லை. 1640-களில் கரும்புக்கு மாறினர். பணம் கொட்டியது!

சர்க்கரை எடுத்த பிறகு ஒரு கழிவு மிஞ்சும். கறுப்பாக, பிசுபிசுவென்று, தேன்போல ஒழுகும். 'மொலாசஸ்' என்பார்கள். இந்தக் கழிவைப் புளிக்க வைத்து வடித்தால் சாராயம் கிடைக்கும் என்று கண்டுகொண்டார்கள். அதுதான் ரம்.

முதலில் அதற்கு வேறு ஒரு பெயரும் இருந்தது. 'பிசாசைக் கொல்லி'! அவ்வளவு காரம். 1647-ல் பார்படோசுக்குப் போன ரிச்சர்டு லிகான், தமது புத்தகத்தில் இந்தப் பெயரைக் குறிப்பிடுகிறார். அந்தப் புத்தகம் 1657-ல் வெளிவந்தது.

அந்தத் தீவில் 'மவுண்ட் கே' என்ற ரம் ஆலை இருக்கிறது. அங்கே வடிகலன்கள் இருந்ததைச் சொல்லும் 1703-ம் ஆண்டுப் பத்திரம் இன்னும் உள்ளது.

ரம் எப்படி வருகிறது?

மொலாசசில் தண்ணீர் ஊற்றி 'ஈஸ்ட்' சேர்ப்பார்கள். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். நுரை பொங்கும்.

பிறகு அதைக் கொதிக்க வைப்பார்கள். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே அதன் ஆவி முந்திக்கொண்டு கிளம்பும். அந்த ஆவியைக் குளிர வைத்தால் ரம் சொட்டும்.

அப்போது ரம் தண்ணீர்போலத்தான் இருக்கும். நிறமே கிடையாது. அதை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி, வருஷக்கணக்கில் வைப்பார்கள். மரத்தின் நிறமும் மணமும் ரம்மில் ஏறும்.

தளபதியின் உத்தரவு

ரம்மை உலகம் முழுதும் பரப்பியது பிரிட்டிஷ் கப்பற்படை. 1655-ல் ஆங்கிலேயர் ஜமைக்கா தீவைப் பிடித்தனர். அதன் பிறகு அந்தப் பக்கம் போன கப்பல்களில் மாலுமிகளுக்கு ரம் படி அளந்தார்கள். நாள் ஒன்றுக்கு அரை பைண்டு. அதாவது கால் லிட்டருக்கும் சற்று அதிகம். குடித்துவிட்டு மாலுமிகள் மயங்கி விழுந்தார்கள். வேலை கெட்டது. சண்டை மூண்டது.

கடற்படைத் தளபதி வெர்னன் 1740-ல் ஓர் உத்தரவு போட்டார். 'ரம்மைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. ஒரு பங்கு ரம்முக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். அதையும் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்!' சிக்கனமான மாலுமிகள் சொந்தச் செலவில் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

ரம், தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சை. ஏறக்குறைய பஞ்ச்தானே இது!

வெர்னன் 'குரோகிரம்' என்ற முரட்டுத் துணியில் மேலங்கி போடுவார். அதனால் மாலுமிகள் அவருக்கு 'கிழட்டு குரோக்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தனர். அவர் கொடுத்த தண்ணீர் ரம்முக்கும் 'குரோக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

எலுமிச்சையால் இன்னொரு நன்மையும் இருந்தது. நெடுநாள் கடலில் இருப்பவர்களுக்கு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடி, உயிர் போகும். 'ஸ்கர்வி' என்ற நோய் அது. 1747-ல் டாக்டர் ஜேம்ஸ் லிண்டு, 12 நோயாளிகளுக்கு வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேரே சீக்கிரம் தேறினர். 1795-ல்தான் கப்பற்படை முழுதுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவாயிற்று. காப்பாற்றியது ரம் அல்ல, எலுமிச்சை!

பிரிட்டிஷ் கப்பற்படையில் ரம் கொடுக்கும் வழக்கம் 1970 ஜூலை 31-ந் தேதியோடு நின்றது.

கலக்கும் கணக்கு

பார்படோஸ் மக்கள் ரம் பஞ்சுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகூட மறக்காது. 1, 2, 3, 4!

எலுமிச்சைச் சாறு 1 பங்கு. சர்க்கரைப் பாகு 2 பங்கு. ரம் 3 பங்கு. தண்ணீர் அல்லது பழச்சாறு 4 பங்கு.

பாகு காய்ச்சுவது சுலபம். ஒரு கிண்ணம் சர்க்கரைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். சர்க்கரை கரையும் வரை கொதித்தால் போதும்.

அந்தக் காலத்தில் இன்னொரு பக்குவம் செய்தார்கள். எலுமிச்சைத் தோலைச் சர்க்கரையோடு சேர்த்துக் கசக்கிச் சில மணி நேரம் வைப்பார்கள். தோலில் உள்ள வாசனை எண்ணெய் முழுதும் சர்க்கரையில் இறங்கிவிடும். பிறகுதான் சாறும் தண்ணீரும் சேர்ப்பார்கள். பெரிய பீங்கான் கிண்ணத்தில் கலந்து, அகப்பையால் மொண்டு ஊற்றுவார்கள்.

கடைசியில் ஜாதிக்காயைத் துருவிப் போடுவார்கள். 'பிட்டர்ஸ்' என்ற கசப்புச் சத்தும் சில சொட்டு விடுவார்கள். இந்தக் கசப்புச் சத்து முதலில் மருந்தாக வந்தது! வெனிசுலா நாட்டில் அங்கோஸ்துரா என்ற ஊரில் இருந்த சீகர்ட் என்ற ஜெர்மன் டாக்டர், 1824-ல் வயிற்றுக் கோளாறுக்காக இதைத் தயாரித்தார்.

ஓர் எச்சரிக்கை! மேலே சொன்ன கணக்கில் பத்துப் பங்குக்கு மூன்று பங்கு ரம். ரம்மில் நூற்றுக்கு 40 பங்கு ஆல்கஹால் இருந்தால், கலந்த பஞ்சில் 12 பங்கு இருக்கும். சாதாரண பீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இனிப்பு அதை மறைத்துவிடும். அதனால்தான் இது ஆளை ஏமாற்றும் பானம்.

அந்தத் தீவுகளிலே குழந்தைகளுக்கு ரம் இல்லாமல் பழச்சாறு பஞ்ச் செய்து கொடுக்கிறார்கள். நம் வீட்டிலும் செய்யலாம். எலுமிச்சைச் சாறு 1 பங்கு, பாகு 2 பங்கு, அன்னாசி அல்லது ஆரஞ்சுச் சாறு 3 பங்கு, குளிர்ந்த தண்ணீர் 4 பங்கு. சிறிது இஞ்சிச் சாறு, மேலே ஒரு சிட்டிகை ஜாதிக்காய். அவ்வளவுதான்.

நம் பானகத்தை எண்ணிப் பாருங்கள். வெல்லம், எலுமிச்சம்பழம், சுக்கு, ஏலக்காய், தண்ணீர். அதுவும் ஐந்து! சாராயம் இல்லாத பஞ்ச் அது.

யார் கொடுத்த விலை?

இத்தனை சர்க்கரைக்கும் ரம்முக்கும் பாடுபட்டவர்கள் யார்?

ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துக்கொண்டு போன அடிமைகள். சங்கிலியிட்டுக் கப்பலின் அடித்தளத்தில் நெருக்கிப் படுக்க வைத்தார்கள். அடிமை வியாபாரம் நடந்த காலம் முழுதும், அட்லாண்டிக் கடல் தாண்டுவதற்காகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். சுமார் 18 லட்சம் பேர் வழியிலேயே மாண்டார்கள். கடல்தான் அவர்களுக்குச் சுடுகாடு.

கரும்பு வெட்டினால் உடனே பிழிய வேண்டும். இல்லாவிட்டால் சாறு கெட்டுவிடும். ஆகவே ஆலை இரவு பகலாக ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பைச் செருகும் கை, உருளைகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும். ஆலை அருகிலே ஒரு கோடரி வைத்திருப்பார்கள். எதற்கு? சிக்கிய கையை வெட்டி ஆளை மீட்பதற்கு!

ரம்மே அடிமை வாங்கும் பணமாகவும் ஆயிற்று. மேற்கிந்திய மொலாசஸ் அமெரிக்காவின் ரோட் தீவுக்குப் போகும். அங்கே அதை ரம்மாக வடிப்பார்கள். அந்த ரம் ஆப்பிரிக்காவுக்குப் போகும். அதைக் கொடுத்து அடிமை வாங்குவார்கள். அந்த அடிமைகளைத் திரும்பவும் கரும்புத் தோட்டத்தில் கொண்டு போய் விற்பார்கள்.

1791-ல் அடிமை வியாபாரத்தை நிறுத்தும் மசோதாவை பிரிட்டிஷ் பார்லிமெண்டு தோற்கடித்தது. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்கமாட்டோம் என்றார்கள். வீட்டுக்குச் சாமான் வாங்குபவர்கள் பெண்கள் அல்லவா? அவர்களே முன்னால் நின்றார்கள். சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டுவிட்டார்கள் என்று கணக்கிட்டார், அடிமை விடுதலைக்குப் பாடுபட்ட தாமஸ் கிளார்க்சன்.

1807-ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அடிமை முறையை ஒழிக்க 1833-ல் சட்டம் வந்தது. நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். அந்தப் பணம் யாருக்கு? உழைத்தவர்களுக்கு அல்ல. அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்கு! இதற்காக அரசாங்கம் வாங்கிய கடன் 2015-ல்தான் முழுதும் தீர்ந்தது.

தமிழர் வருகிறார்கள்

பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் 1848-ல் அடிமைகள் விடுதலை அடைந்தனர். பலர் தோட்டங்களை விட்டு வெளியேறினர். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! முதலாளிகளின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது.

ஐந்து வருஷ ஒப்பந்தம். முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்ற வாக்குறுதி. பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகள் நம்பிக் கப்பல் ஏறினார்கள். 1853 மே 6-ந் தேதி 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் ஆள் கொண்டு போயிற்று.

சுமார் முப்பது ஆண்டுகளில் மார்த்தினிக்குக்கு 25 ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். குவாதலூப்புக்குப் போனவர்கள் சுமார் 42 ஆயிரம் பேர். தமிழர் அவர்களில் ஏராளம். நோயிலும் வேலைக் கொடுமையிலும் பலர் மாண்டனர். பலர் ஊர் திரும்பவே இல்லை.

இந்த இரண்டு தீவுகளிலும் 'தி பஞ்ச்' என்ற பானம் பிரசித்தம். சின்ன பஞ்ச் என்று பொருள். கரும்புச் சாற்றில் இருந்தே நேராக வடித்த ரம், கரும்புப் பாகு, ஒரு துண்டு எலுமிச்சை. அவ்வளவுதான். விருந்தாளி முன் மூன்றையும் வைத்துவிடுவார்கள். அவரே கலந்துகொள்ள வேண்டும். 'அவரவர் சாவை அவரவரே தயார் செய்யட்டும்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அங்கே போன நம்மவர்களின் மொழி நாளடைவில் மறைந்தது. தெய்வம் மறையவில்லை. மாரியம்மனை 'மாலியேமேன்' என்று சொல்லிக் கும்பிடுகிறார்கள். 'கொலம்போ' என்ற மசாலாக் கறி அந்தத் தீவுகளில் எல்லாரும் சாப்பிடும் உணவாகிவிட்டது. கொழும்பு நகரத்தின் பெயர் என்பார்கள் சிலர். 'குழம்பு'தான் அப்படித் திரிந்தது என்பார்கள் வேறு சிலர்.

1863-ல் குவாதலூப்பில் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். அந்தத் தீவிலே பிறந்த இந்தியர் பிள்ளைகளுக்கு அப்போது ஓட்டுரிமை மறுக்கப்பட்டது. 'இந்த மண்ணில் பிறந்து உழைக்கிறோம். நாங்களும் குடிமக்களே' என்று 1904-ல் வழக்குத் தொடுத்தார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, பத்தொன்பது வருஷம் போராடினார். 1923-ல் உரிமை கிடைத்தது. 1952-ல் காலமானார்.

பஞ்சில் சேர்வது ஐந்து பொருள் என்று சொன்னோம். உண்மையில் ஆறு. ஆறாவது பொருளை எந்தப் பக்குவப் புத்தகமும் எழுதவில்லை. ஆனால் 'அரக்' என்ற பழைய பெயர் அதைச் சொல்லிவிட்டது.

வியர்வை!